திறந்தவெளித் திட்டத்தில் காலனிக்கும் இடம் வேண்டும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்கு வடக்கே இருக்கிறது பொம்மையார்பாளையம். ஊருக்குக் கிழக்கே கடல் கரையை அரிக்கிறது. மேற்கே செம்மண் மேட்டில் மனை விலை ஏறுகிறது. மிச்சமிருக்கும் முந்திரித் தோப்பும் மேய்ச்சல் வெளியும் இன்னும் எத்தனை நாளைக்கு என்பதுதான் வானூர் வட்டாரத்தின் கவலை.

இதற்கு ஒரு முன்மாதிரி அருகிலேயே உண்டு. 1968-ல் தொடங்கப்பட்ட ஆரோவில்லின் பெருந்திட்டம், நகரப் பகுதியைச் சுற்றி 1.25 கிலோமீட்டர் அகலத்துக்குப் பசுமை வளையம் வகுத்துள்ளது. மழைநீரோடு செம்மண் கடலுக்கு ஓடிக்கொண்டிருந்த மேட்டில் வரப்பு கட்டி, மரம் வைத்துக் காடாக்கினார்கள். ஆனால், அந்த வளையத்துக்குள் கிராமத்தாரின் பட்டா நிலங்களும் இருக்கின்றன. வரைபடத்தில் பச்சை பூசினால் மட்டும் அவை பசுமையாக நீடிக்காது. நிலத்துக்காரர் சம்மதிக்க வேண்டும். பயிர் வைப்பது அவருக்குக் கட்டுப்படியாக வேண்டும்.

சரி, நிலத்துக்காரரை அழைத்துப் பேசலாம். நிலமே இல்லாதவரை யார் அழைப்பது? காலனி மக்களுக்கு ஆடு மேய்க்கவும், விறகு பொறுக்கவும், பிணத்தைச் சுமந்து போகவும் அந்த வெளிதான் வழி. அது மனைகளாகி வேலி விழுந்தால் பட்டாதாரர் கைக்குப் பணம் வரும். காலனிக்கோ கூலி வேலையும் போகும், பாதையும் போகும்.

'புறம்போக்கு' என்பதை வசையாக்கி வைத்திருக்கிறோம். உண்மையில் அது ஊரின் பொதுச்சொத்து. மேய்க்கால், களம், மயானம், வண்டிப்பாதை, தோப்பு ஆகிய புறம்போக்குகளை முறைப்படுத்தும் பொறுப்பை 1994-ம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் கிராம ஊராட்சிக்கே கொடுத்திருக்கிறது. பொதுநில ஆக்கிரமிப்புகளை அகற்றும்படி 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நிலமற்ற கூலிகளுக்கும் பட்டியலின, பழங்குடி மக்களுக்கும் அரசு அறிவிக்கையின்படி குத்தகைக்குத் தந்த நிலத்தை விதிவிலக்காகக் கருதலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஆகவே, ஆக்கிரமிப்பு அகற்றம் என்ற பெயரில் காலனிக் குடிசையை மட்டும் இடிக்க வந்தால், இந்தத் தீர்ப்பை எடுத்துக் காட்டலாம்.

மனைப்பிரிவுக்கும் விதி இருக்கிறது. 10,000 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேல் மனை போட்டால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதித் தர வேண்டும். அந்த இடம் எங்கே அமைகிறது, காலனிப் பிள்ளைகள் அங்கே போய் விளையாட முடியுமா என்பதை ஊராட்சி கேட்க வேண்டும்.

பஞ்சமி நிலம் இன்னொரு கணக்கு. செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீரின் அறிக்கையை அடுத்து 1892-ல் அரசு ஒதுக்கிய நிலம் அது. பத்து ஆண்டுகள் விற்கக் கூடாது, பிறகும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கே கைமாற்ற வேண்டும் என்பது நிபந்தனை. அதை மீட்கக் கேட்டு 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்டபோது, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தனர். திறந்தவெளியைக் காக்கத் திட்டம் போடுகிறவர்கள், அதற்குள் பஞ்சமி நிலம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்திலேயே புறம்போக்கு, பஞ்சமி நிலங்களின் சர்வே எண்களை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். மயானப் பாதையை அளந்து கல் நடத் தீர்மானம் கொண்டுவாருங்கள். நிலத்துக்காரரோடு நடக்கும் பேச்சில் காலனியின் பிரதிநிதிகளும் உட்கார வேண்டும் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள். கூட்டத்துக்குப் போகாவிட்டால், நம் வெளியைப் பற்றி வேறு யாரோ தீர்மானிப்பார்கள்.