தாத்தாவோட எச்.எம்.டி. வாட்ச்: டயலைப் புதுசாக்கலாமா?

திண்டுக்கல்ல இருந்து பேசுறேன். உங்ககிட்ட இருந்து திரும்பத் திரும்ப வர்ற கேள்வி ஒண்ணு: "வீட்டுல தாத்தாவோட எச்.எம்.டி. சாவி வாட்ச் இருக்கு. டயல் பழுப்பேறிப் போச்சு. புதுசாக்கிடலாமா?"

வேண்டாம். ஏன்னு இந்தப் பகுதியில சொல்றேன்.

முதல்ல கொஞ்சம் வரலாறு. பொதுத்துறை நிறுவனமான எச்.எம்.டி., 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூருவில் வாட்ச் தயாரிக்கத் தொடங்கியது. ஜனதா, பைலட், சோனா, கோஹினூர் என்று பல மாடல்கள் வந்தன. கல்யாணத்துக்கும் பணி ஓய்வுக்கும் பரிசு என்றால் அதுதான். பிறகு, டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் 1984-ல் சேர்ந்து தொடங்கிய டைட்டன், ஓசூரிலிருந்து பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்சுகளைக் கொண்டுவந்தது. சாவி வாட்சுக்கு மவுசு குறைந்தது. 2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது.

அதாவது, தாத்தா காலத்து வாட்சுக்கு அசல் டயலோ உதிரிபாகமோ கிடைக்கிறது எளிதில்லை. சேகரிப்பாளர்கள் தேடுறதும் அதைத்தான்.

டயலைப் புதுசாக்குறதுன்னா என்ன பண்ணுவாங்க? பழைய பெயிண்டைச் சுரண்டி எடுத்துட்டு, புதுசா பெயிண்ட் அடிச்சு, எழுத்தை அச்சடிப்பாங்க. ஃபேக்டரி அச்சு ஒரு தடவை போனா போனதுதான். நம்ம ஊர்ல பழைய மாங்காய்ப் பூட்டை எமரி பேப்பர் போட்டுப் பளபளன்னு தேய்ச்சா என்ன ஆகும்? பூட்டு இருக்கும், செஞ்சவரோட கைத்தடம் போயிடும். அதே கதைதான்.

வாங்கப் போறவங்களும் இதைத் தெரிஞ்சுக்கணும். ஆன்லைன்ல ஆரஞ்சு, கிளிப்பச்சைன்னு கண்ணைப் பறிக்கிற டயலோட பழைய வாட்ச் வந்தா சந்தேகப்படுங்க. பல வாட்சோட பாகங்களைச் சேர்த்து, டயலுக்குப் பெயிண்ட் அடிச்சு விக்கிறதுக்குச் சேகரிப்பாளர்கள் வெச்ச பேர் 'மும்பை ஸ்பெஷல்'. கையில லென்ஸ் இருந்தா மூணு இடம் பாருங்க:

ஒண்ணு, எழுத்து. ஃபேக்டரி அச்சு மெல்லிசா, கூர்மையா இருக்கும். மறு அச்சு தடிச்சு, ஓரம் கசிஞ்சிருக்கும்.

ரெண்டு, நிமிஷக் கோடுகள். மணிக் குறியீட்டோட நேரா வந்து சேருதா, விலகி நிக்குதான்னு பாருங்க.

மூணு, வயசு. ஐம்பது வருஷ வாட்சுல கேஸ் தேய்ஞ்சு, முள்ளு மங்கி, டயல் மட்டும் நேத்து செஞ்ச மாதிரி இருந்தா ஒத்துவராது.

சரி, அப்போ எதைத்தான் சரிபண்ணலாம்? உள்ளே இருக்கிற மெஷினை. ஜனதா மாதிரி 17 கல் வாட்சுல சாவி கொடுக்கும்போது மெயின்ஸ்பிரிங் சுருளுது. அது மெதுவா விரிஞ்சு சக்கரங்களைச் சுத்துது. பேலன்ஸ் வீல்தான் அந்த வேகத்துக்குக் கடிவாளம். மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது நொடிக்கு 5. அந்தக் கல் என்பது செயற்கை மாணிக்கம். சக்கரங்களின் அச்சுமுனை அதில் உட்கார்ந்து சுற்றுவதால் தேய்மானம் குறைகிறது. ஆனால் எண்ணெய் வற்றிப் போச்சுன்னா அச்சுமுனை தேய ஆரம்பிக்கும். அதனால பல வருஷம் பெட்டியில கிடந்த வாட்சை "ஓடுதே"ன்னு அப்படியே கட்டாதீங்க. முதல்ல கழற்றிச் சுத்தம் பண்ணி எண்ணெய் விடணும்.

கொடுக்கும்போது முன்பக்கம், பின்பக்கம், மெஷின் மூணையும் போட்டோ எடுத்துக்கங்க. "டயல்ல கை வைக்க வேண்டாம், கேஸுக்குப் பாலிஷ் வேண்டாம்"னு தெளிவா சொல்லிடுங்க. கண்ணாடி மாத்தலாம், வார் மாத்தலாம், தப்பில்லை. மாத்தின பாகம் எதுவானாலும் பழசைத் திருப்பி வாங்கிக்கங்க.

தினமும் ஒரே நேரத்துல சாவி கொடுங்க. இறுகினதும் நிறுத்திடுங்க. தண்ணி படக்கூடாது.

ஓடவே ஓடாத வாட்சையும் பழைய இரும்புக்குப் போட்டுடாதீங்க. இன்னொரு வாட்சுக்கு வேண்டிய பாகம் அதுக்குள்ளதான் இருக்கும்.