மைக்கேல் ஓவனின் ஆட்ட வாழ்வு

உதைபந்தாட்டத்தில் முன்னணியில் நின்று கோல் போடும் வீரர் பல திறத்தினர். நெடிய உடலால் உயர எழுந்து பந்தைத் தலையால் முட்டுவோர் சிலர். வலிய தோளால் எதிரியைத் தள்ளி நிறுத்தி இடம் பெறுவோர் சிலர். நுண்ணிய காலசைவால் ஏய்ப்போர் வேறு சிலர். இங்கிலாந்து நாட்டு மைக்கேல் ஓவனுக்கோ விரைவே தலையாய கருவி. எதிர்க்கட்சிக் காவலாளருக்குப் பின்னே கிடக்கும் வெற்றிடத்தினுள் பாய்ந்து, அவர் திரும்பு முன்னர்ப் பந்தை வலையினுள் செலுத்துதலே அவரது ஆட்டம். அவ்விரைவைத் தந்த தசையே அவரது பத்தொன்பதாம் வயதில் அறுந்தது. அதன் பின்னும் பதினான்கு ஆண்டுகள் அவர் ஆடினார். அவ்வாழ்வைக் ‘காயங்களால் பாழாயிற்று’ என ஒரே சொல்லில் கூறி முடிப்பார் பலர். அக்கூற்று எத்துணை உண்மையுடையது என்பதை இக்கட்டுரையின்கண் ஒருவாறு ஆராய்வோம்.

ஓவன் 1979 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 14 ஆம் நாள் செஸ்டர் நகரில் பிறந்தார். தந்தையாரும் பந்தாட்டத்தையே தொழிலாகக் கொண்டிருந்தவர். 1997 மே மாதத்தில் லிவர்பூல் கழகத்தின் சார்பாக முதன்முறை களம் புகுந்த அன்றே கோல் போட்டார். அடுத்த ஆட்டப் பருவத்தில் பிரிமியர் லீக் பந்தயங்களில் 18 கோல்கள் அடித்து, மிகுதியான கோல் போட்டவருள் ஒருவராய் விளங்கினார். 1998 ஜூன் 30 அன்று, பிரான்ஸ் தேசத்து உலகக் கோப்பைப் பந்தயத்தில், அர்ஜென்டினாவின் காவலாளர் இருவரை ஓட்டத்தாலேயே கடந்து அவர் போட்ட கோலால் உலகம் அவரை அறிந்தது. அப்பொழுது அவருக்கு வயது பதினெட்டு.

1999 ஏப்ரல் மாதத்தில் லீட்ஸ் நகரில் நடந்த ஆட்டத்தில் அவரது தொடையின் பின்புறத் தசை அறுந்தது. அத்தசை யாது பயன் செய்வது என்பதை ஈண்டு அறிதல் வேண்டும். தொடையின் பின்புறத்தே மூன்று தசைகள் உள. அவை இடுப்பெலும்பின் அடியில் தோன்றி முழங்காலுக்குக் கீழே முடிவன. முழங்காலை மடக்குதலும், ஓடுங்கால் தொடையைப் பின்னோக்கி இழுத்து உடலை முன்னே செலுத்துதலும் அவற்றின் தொழில். முழுவேகத்தில் ஓடுபவன் காலை முன்னே வீசும்பொழுது, அவ்வீச்சைத் தடுத்து நிறுத்துவனவும் அவையே. நீளும் நிலையிலேயே பெருவிசையைத் தாங்க வேண்டியிருத்தலின், விரைந்து ஓடுவோர்க்கு அவை அறுதல் இயல்பு. விரைவு மிகுந்தோறும் இடரும் மிகும். அறுந்த பகுதி இரண சிகிச்சையால் மீண்டும் பொருத்தப்படாமையின், ஒரு காலில் மூன்று தசையும் மறுகாலில் இரண்டுமாகவே தாம் பிற்காலம் முழுதும் ஓட நேர்ந்ததென ஓவனே கூறியுள்ளார்.

ஆயினும் அவர்தம் பெருவெற்றிகள் பல இக்காயத்தின் பின்னரே வந்தன என்பது வியப்பன்றோ? 2001 மே 12 அன்று கார்டிப் நகரில் நடந்த எஃப். ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் ஆர்சனல் ஒரு கோலால் முந்தி நின்றது. 83 ஆம் நிமிடத்திலும் 88 ஆம் நிமிடத்திலும் ஓவன் இரண்டு கோல்கள் போட்டுக் கோப்பையை லிவர்பூலுக்கு ஈட்டினார். அவ்வாண்டு செப்டம்பர் 1 அன்று ம்யூனிக் நகரில் ஜெர்மனியை இங்கிலாந்து 5-1 என வென்றது. அவற்றுள் மூன்று அவருடையன. ஐரோப்பாவின் தலைசிறந்த ஆட்டக்காரர்க்குரிய ‘பலோன் டோர்’ பரிசும் அவ்வாண்டே அவரைச் சேர்ந்தது. 1979 இல் கெவின் கீகன் பெற்றதற்குப் பின் ஆங்கிலேயர் ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல்முறை.

எனினும் உடல் தன் கடனைத் திரும்பக் கேட்டது. 2004 இல் ரியல் மட்ரிட் கழகம் சென்று ஓராண்டில் மீண்டு நியூகாசில் சேர்ந்தார். 2005 டிசம்பர் 31 அன்று பாதத்தெலும்பு முறிந்தது. அது தேறி 2006 உலகக் கோப்பைக்குச் சென்றவர், ஜூன் 20 அன்று ஸ்வீடனுடன் ஆடத் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே முழங்காலின் பிணைநார் அறுந்து வீழ்ந்தார். 2007 ஏப்ரல் வரையில் களம் காணவில்லை. 2009 இல் மான்செஸ்டர் யுனைட்டெட் சேர்ந்து, அந்நகரின் மறுகழகத்துக்கு எதிராக மிகைநேரத்தின் ஆறாம் நிமிடத்தில் வெற்றிக் கோலைப் போட்டார். 2010 பிப்ரவரியில் லீக் கோப்பை இறுதியாட்டத்தில் கோல் போட்ட அன்றே தொடைத்தசை மீண்டும் கெட்டது. இறுதியாக ஸ்டோக் கழகத்தில் ஓராண்டு இருந்து, 2013 இல் தம் 33 ஆம் வயதில் ஓய்வு பெற்றார்.

இவற்றினும் கொடியது கண்ணுக்குப் புலப்படாத காயம். வெற்றிடத்தை நோக்கி விரையுந்தோறும் தசை அறுமோ என்னும் அச்சம் பிற்காலத்தில் தம்மை விட்டு நீங்கவில்லை என அவர் வெளிப்படையாகக் கூறியிருக்கிறார். ஓட்டமே உயிராயிருந்தவர் ஓட்டத்தை அஞ்சலானார். பந்து வரும் இடத்தை முன்னறிந்து கோலுக்கு அருகே காத்துநின்று, ஓரிரு அடிகளில் தம் செயலை முடிக்கும் ஆட்டக்காரராகத் தம்மை மாற்றிக்கொண்டார். கால் இழந்ததை ஓரளவு கருத்து ஈடுசெய்தது.

கணக்கு நோக்கின், லிவர்பூலுக்கு 297 ஆட்டங்களில் 158 கோல்கள். இங்கிலாந்துக்கு 89 ஆட்டங்களில் 40. இது பாழான வாழ்வன்று. ஆயினும் நாட்டின் சார்பாக அவர் இறுதியாக ஆடியது 2008 இல், இருபத்தெட்டாம் வயதில் என்பதை நினையுங்கால், இழப்பும் சிறிதன்று என்பது தெளிவாம். பதினெட்டு வயதில் ஒரே பருவத்தில் 36 லீக் ஆட்டங்களும் அதன்மேல் உலகக் கோப்பையும் ஆடிய இளைஞனுக்கு, ‘இன்று ஓய்ந்திரு’ எனச் சொல்லவல்லார் பக்கத்தில் இருந்திருப்பின் நலமாயிருந்திருக்கும் என்றே நாம் எண்ணுகிறோம்.

நம் கல்லூரியிலும் அவ்வயதினர் பலர் ஆடுகின்றனர். கால் வலிக்கின்றதென உரைப்பவனைக் கோழை என நகைத்தல் எளிது. ஆறும்வரை அவனைக் களத்துக்கு வெளியே இருத்தி, அவனிடத்தில் வேறொருவனை ஆடச் செய்தல் அரிது. அவ்வரிய செயலைச் செய்யும் குழுத்தலைவனே தன் தோழர்க்கு உண்மையான நண்பன் ஆவான்.