நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால்தான் கடல்

பிரிஸ்பேனிலிருந்து காஃப்ஸ் ஹார்பருக்கு ஏறக்குறைய 390 கிலோமீட்டர். 2020 டிசம்பரில் பசிபிக் நெடுஞ்சாலையின் கடைசித் துண்டும் நான்குவழிச் சாலையாகிவிட்டதால், காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு அங்கே இருக்கலாம். ஆனால் அப்படிப் போவதற்குக் கேம்பர்வேன் எதற்கு? புதிய சாலை ஊர்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு, பெரும்பாலும் கடலைக் கண்ணிலேயே காட்டாமல், கரும்புத் தோட்டங்களுக்கும் யூகலிப்டஸ் காடுகளுக்கும் நடுவே ஓடுகிறது. ஆஸ்திரேலியாவின் கிழக்கே இந்தத் துணை வெப்பமண்டலக் கரையைப் பார்க்க வேண்டுமானால் தெற்கே போகும்போது இடப்பக்கம் பிரியும் சின்னச் சாலைகள் ஒவ்வொன்றாக இறங்கித்தான் ஆக வேண்டும்.

வேன் என்றால் தோன்றிய இடத்தில் நிறுத்தித் தூங்கலாம் என்று விளம்பரங்கள் ஆசை காட்டும். நம்ப வேண்டாம். பைரன் பே போன்ற ஊர்களில் தெருவோரம் வண்டிக்குள் படுத்தால் நகராட்சி ரேஞ்சர் வந்து கண்ணாடியைத் தட்டுவார். அபராதச் சீட்டும் கிடைக்கும். மின் இணைப்புள்ள கேரவன் பார்க், அல்லது தேசியப் பூங்காவின் முகாம். இரண்டில் ஒன்றை முன்பதிவு செய்துகொள்ள வேண்டும். கழிவறைப் பெட்டியைக் கொட்ட ‘டம்ப் பாயின்ட்’ எங்கே இருக்கிறதென்று பார்த்து வைத்துக்கொள்வதும் பயணத் திட்டத்தின் பகுதிதான். இந்த வேலையை யார் செய்வது என்பதைப் புறப்படும் முன்பே குடும்பத்தில் பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது. நம்மூரைப் போலவே இடப்பக்கம் ஓட்டுவதால் ஸ்டியரிங் பழக அதிக நேரம் ஆகாது.

கடலுக்குப் போகும் முன் ஒருமுறை மட்டும் மலைப்பக்கம் திரும்பலாம். கோல்ட் கோஸ்டுக்குப் பின்னால் ஸ்பிரிங்புரூக் தேசியப் பூங்காவில் ஓர் அருவி, எரிமலைப் பாறைக் குகையின் கூரையையே துளைத்துக்கொண்டு உள்ளே விழுகிறது. இருட்டிய பிறகு குகைக்கூரை முழுக்க நீலப்பச்சைப் புள்ளிகள். இவை நம் மின்மினி வண்டுகள் அல்ல; ஒருவகைக் கொசு போன்ற ஈயின் புழுக்கள். பசைநூல்களைத் தொங்கவிட்டு, வெளிச்சத்தைக் காட்டிப் பூச்சிகளை வரவழைத்துத் தின்பவை. டார்ச்சை மேலே அடித்தால் அவற்றின் ஒளி அணைந்துவிடும். பின்னால் வருகிறவர்களுக்கும் காட்சி போச்சு.

அந்தப் பாறையைக் கொட்டியது சுமார் 2.3 கோடி ஆண்டுகளுக்கு முன் பொங்கிய ட்வீட் எரிமலை. அதன் மிச்சமான வொலும்பின் சிகரம் பண்ட்ஜலங் பூர்வகுடி மக்களின் புனித இடம். 2020 முதல் ஏற்றம் மூடப்பட்டிருக்கிறது. கீழிருந்து பார்ப்பதே போதும். அதே எரிமலைக் குழம்பு கடலோரம் வரை வந்து உறைந்ததை ஃபிங்கல் ஹெட்டில் காணலாம்: அறுகோணத் தூண்களாக நிற்கும் கருங்கல்லின் மேல் அலை ஏறி இறங்குகிறது. சற்றுத் தெற்கே, சவுக்கின் பெயரிலேயே, கேசுவரினா என்று ஒரு கடற்கரை ஊர். நம் கடலோரங்களில் 19ஆம் நூற்றாண்டிலிருந்து நட்டு வளர்க்கும் சவுக்கு, இந்தக் கரைக்கோ இயற்கையாகவே சொந்தம். பக்கத்திலேயே தாழையின் நெருங்கிய உறவான மரங்கள், விழுதூன்றிக் காற்றோடு மல்லுக்கட்டி நிற்கின்றன. நெய்தல் நிலம் படித்த கண்ணுக்கு இது அந்நியக் கரையாகவே தெரியாது.

இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. கூலங்கட்டா குயின்ஸ்லாந்து; ஒட்டியிருக்கும் ட்வீட் ஹெட்ஸ் நியூ சவுத் வேல்ஸ். அக்டோபர் முதல் ஏப்ரல் தொடக்கம் வரை நியூ சவுத் வேல்ஸ் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கும். குயின்ஸ்லாந்து அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. தெருவைத் தாண்டினால் மணி மாறும். முகாமைக் காலி செய்ய வேண்டிய நேரத்தைக் குயின்ஸ்லாந்துக் கடிகாரத்தில் பார்த்துக்கொண்டிருந்தால் வம்புதான்.

பைரன் முனை, ஆஸ்திரேலியப் பெருநிலத்தின் கிழக்குக் கோடி. 1901இல் கட்டிய வெள்ளைக் கலங்கரை விளக்கத்துக்கு வேனை ஏற்றாமல் கீழேயே விட்டுவிட்டு 3.7 கிலோமீட்டர் சுற்றுப்பாதையில் நடப்பது உத்தமம். முனையிலிருந்து பார்த்தால் கூன்முதுகுத் திமிங்கிலங்கள். 1954 முதல் 1962 வரை இதே ஊரில் திமிங்கில வேட்டை நிலையம் ஒன்று நடந்தது; வேட்டையாட ஆளில்லாமல் அல்ல, திமிங்கிலம் இல்லாமல்தான் மூடினார்கள். கிழக்குக் கரையில் சில நூறாகச் சுருங்கிய இனம் பிறகு பெருகிப் பெருகி, 2022இல் ஆஸ்திரேலியா அதை அழியும் அபாயப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. ஊர் அன்று திமிங்கிலத்தை அறுத்துப் பிழைத்தது, இன்று காட்டிப் பிழைக்கிறது. ஊரோ விலை ஏறி நெரிசலாகிவிட்டது. ஒரு ராத்திரி போதும்.

மிச்ச நாட்களை யுரேகிர் தேசியப் பூங்காவுக்குக் கொடுங்கள் என்பேன். அங்கூரி முதல் ரெட் ராக் வரை சுமார் 65 கிலோமீட்டர். விடுதிக் கட்டடங்கள் விழுங்காத இவ்வளவு நீளக் கடலோரம் இந்த மாநிலத்தில் வேறெங்கும் இல்லை. அங்கூரியில் நீலக்குளம் ஒன்று இருக்கிறது. கிளாரன்ஸ் ஆற்று முகத்துவாரத்தில் அலைதடுப்புச் சுவர் கட்டக் கல் வெட்டிய குழி அது. ஊற்று பொத்துக்கொண்டதால் குளமாயிற்று. கடல் பத்தடியில் சீறிக்கொண்டிருக்க, இங்கே நன்னீர். மின்னி வாட்டர் ஊரை ஒட்டிய இலாரு முகாமில் வேனை நிறுத்தினால் மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் கடல். மின்சாரம் கிடையாது. குடிநீரை நாமே கொண்டுபோக வேண்டும். காலையில் கேஸ் அடுப்பில் காபி கொதிக்கும்போது கங்காருகள் புல் மேய்ந்துகொண்டிருக்கும். புரூம்ஸ் ஹெட் பக்கம் கடலோர ஈமு கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம். எஞ்சியிருப்பவை மிகச் சிலவே.

இதே கங்காரு அந்தி நேரத்தில் சாலைக்கு வரும். இருட்டும் முன் முகாம் சேர்ந்துவிடுங்கள். பல வாடகை ஒப்பந்தங்களில் இரவு ஓட்டத்துக்கும் மண்சாலைக்கும் கட்டுப்பாடு இருக்கிறது, கையெழுத்துக்கு முன் படித்துவிட வேண்டும். குளிப்பதானால் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும். கொடியில்லாத கரையில் உள்ளிழுக்கும் நீரோட்டம் நல்ல நீச்சல்காரரையும் கொண்டுபோகும்.

கடைசியாக வுல்கூல்கா. வாழைத் தோட்டங்களில் உழைக்க வந்து தோட்டக்காரர்களாகவே ஆன பஞ்சாபியர்கள் 1968இல் இங்கே குருத்வாரா கட்டினார்கள். இப்போது வாழை குறைந்து புளூபெர்ரி ஏறிவிட்டது. அங்கிருந்து அரைமணியில் காஃப்ஸ் ஹார்பர். துறைமுகச் சுவரின் மேல் நடந்தே மட்டன்பேர்ட் தீவுக்குப் போய்விடலாம். கம்பைங்கிர் பூர்வகுடி மக்கள் இதைக் கீதானி மீர்லால் என்பார்கள். ஆப்புவால் ஷியர்வாட்டர் பறவைகள் ஆகஸ்டில் கடல் தாண்டி வந்து இங்கே மண்வளைகளில் முட்டையிடும். பாதையை விட்டுக் காலை வைத்தால் வளை இடிந்துவிடும். ஜூலையில் போனால் திமிங்கிலம் உண்டு, பறவை இல்லை. ஜனவரியில் பறவை உண்டு, திமிங்கிலம் இல்லை, போதாக்குறைக்குப் புழுக்கமும் பள்ளி விடுமுறைக் கூட்டமும். தாய்த் திமிங்கிலங்கள் குட்டியோடு தெற்கே திரும்பும் செப்டம்பர், அக்டோபரில் வேனை எடுங்கள்.