விலாங்குக்கு ஒரு வழி

பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுகிறது என்று நாம் ஏசும் விலாங்கு கடலில் பிறந்து ஆற்றில் வளர்கிறது. பல ஆண்டு கழித்து, முட்டையிடக் கடலுக்கே போகிறது. போனது திரும்புவதில்லை. டென்மார்க்கின் 'டானா' ஆய்வுக்கப்பல், 1928-30 பயணத்தில், சுமத்ராவுக்கு மேற்கே ஆழ்கடலில் விலாங்கின் இளம் உயிரிகளைப் பிடித்தது. அந்த வயதில் அவை தட்டையாக, உடம்பின் மறுபக்கம் தெரியும்படி இருக்கும்.

வைகை கடலைச் சேருமிடம் ராமநாதபுரம் மாவட்டத்து ஆற்றங்கரை என்னும் ஊர். அங்கே நுழையும் ஒரு குஞ்சு கம்பம் பள்ளத்தாக்குக்கு வர வேண்டுமானால் பார்த்திபனூர், விரகனூர் மதகணைகள், சிற்றணை, பேரணை என ஒவ்வொன்றாக ஏற வேண்டும். பிறகு 1959-இல் திறந்த வைகை அணை. 71 அடிக்குத் தண்ணீர் தேக்கும் சுவர். அதையும் கடந்தால் முல்லையாற்றில் பழனிசெட்டிபட்டி தடுப்பணை நிற்கிறது.

சால்மன் துள்ளும், அதற்குப் படிக்கட்டு கட்டினால் போதும். விலாங்குக் குஞ்சு துள்ளாது, ஊரும். விரல் நீளக் குஞ்சு ஈரச் சுவரில் வயிற்றை ஒட்டிக்கொண்டு, பாசியிலும் சொரசொரப்பிலும் உடம்பை நெளித்து நெளித்து மேலேறும். சுவர் காய்ந்திருந்தால் அங்கேயே நின்றுவிடும். உடம்பு பருத்துவிட்டாலும் இந்த வித்தை கைகொடுக்காது. ஆகவே விலாங்குக்கான ஏணி என்பது சாய்வான ஒரு தொட்டிதான். அடியில் பிரஷ் முடிகளைக் கொத்துக் கொத்தாக நட்டு, மேலிருந்து மெல்லிய நீரைக் கசியவிடுவார்கள். முடிகளுக்கிடையே உடம்பை முட்டுக்கொடுத்துக் குஞ்சுகள் ஏறிவிடும். கனடாவில் செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் மோசஸ்-சாண்டர்ஸ் அணையில் 1974-லேயே விலாங்குக்கென ஓர் ஏணி வைத்தார்கள். நியூசிலாந்தில் மட்டஹீனா அணையின் அடியில் குஞ்சுகளைப் பிடித்து மேலே கொண்டுபோய் விடுகிறார்கள். சின்னத் தடுப்புகளில் முரட்டுக் கயிறு கட்டித் தொங்கவிட்டாலே ஏறிக்கொள்கின்றன.

இறக்கம்தான் கொடுமை. முதிர்ந்த விலாங்கு வெள்ளி நிறமாகி, கண் பெருத்து, தீனியை நிறுத்திவிட்டு, வெள்ளம் பாயும் இருட்டில் கீழே கிளம்புகிறது. மின்நிலையம் உள்ள அணையில் சுழலும் டர்பைன் அந்த நீண்ட உடம்பை வெட்டிவிடும். நெருக்கமான கம்பிவலை, வெள்ள இரவுகளில் டர்பைனை நிறுத்துவது, பிடித்து வண்டியில் கீழே கொண்டுபோவது ஆகியவைதான் இதற்குக் கைவசம் உள்ள வழிகள்.

வைகையில் இந்த ஏணி வேலையைப் பெரிய அணையில் தொடங்குவதைவிடக் கீழிருந்து தொடங்குவதே சரி என்பேன். மதகணைகள் உயரம் குறைந்தவை. கயிறும் கசிவுநீரும் போதும். அதைவிட முக்கியம், ஆறு கடலைத் தொடுவது. பெரும்பாலான ஆண்டுகளில் வைகைத் தண்ணீர் ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு முடிந்துபோகிறது. வெள்ள ஆண்டுகளில் மிச்சம் கடலுக்குப் போனால், 'வீணாகக் கடலில் கலக்கிறது' என்று செய்தி வருகிறது. கடலோரத்தில் காத்திருக்கும் குஞ்சுக்கு ஆற்றின் வழியைக் காட்டுவது அந்த நன்னீரின் வாசனைதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் மதகுகளைத் திறக்கும்போதே பார்த்திபனூரில் ஓரமாக ஒரு கயிற்றைக் கட்டித் தண்ணீரைக் கசியவிட்டு, இரவில் விளக்கோடு போய், ஏறுகிறதா என்று பார்க்கலாம்.