நாய் டிஸ்டெம்பர்

நாய் டிஸ்டெம்பர் என்பது நாய்களையும் வேறு பல ஊனுண்ணி விலங்குகளையும் தாக்கும், எளிதில் தொற்றக்கூடிய வைரசு நோயாகும். இது காய்ச்சல், சளி, கழிச்சல் ஆகியவற்றுடன் தொடங்கி நரம்பு மண்டலம் வரை செல்லக்கூடியது. மனிதருக்கு இந்நோய் வருவதில்லை. நோயிலிருந்து மீண்டு நலமாகத் தோன்றும் நாய், அதன் பின்னரும் பல வாரங்கள் வைரசை வெளியேற்றிக் கொண்டிருக்கலாம். இதனைக் கட்டுப்படுத்துவதில் உள்ள முதன்மையான இடர்ப்பாடு இதுவே.

நோய்க்காரணி

இதனை உண்டாக்கும் வைரசு, பாராமிக்சோவைரசுக் குடும்பத்தின் மார்பில்லிவைரசு பேரினத்தைச் சேர்ந்தது. மனிதருக்கு வரும் தட்டம்மை, ஆடுகளுக்கு வரும் ஆட்டுக்கொல்லி நோய், மாடுகளை முன்பு அழித்த வெக்கை நோய் ஆகியவற்றின் வைரசுகளும் இப்பேரினத்தவையே. வெக்கை நோய் உலகிலிருந்து ஒழிக்கப்பட்டுவிட்டதாக 2011 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. டிஸ்டெம்பரை அவ்வாறு ஒழிப்பது அரிது. நரி, செந்நாய், மரநாய், சிங்கம், புலி எனப் பல காட்டு விலங்குகளிலும் இவ்வைரசு தங்கக்கூடியது.

அம்மைத் தடுப்பூசியால் புகழ்பெற்ற எட்வர்டு சென்னர் 1809 இல் இந்நோயை விவரித்துள்ளார். இது வைரசால் வருவது என்பதை 1905 இல் பிரான்சு நாட்டுக் கால்நடை மருத்துவர் ஆன்றி கரே காட்டினார். இலண்டனை அடுத்த மில் ஹில் ஆய்வகத்தில் லெய்ட்லா, டங்கின் ஆகியோர் 1920களில் தடுப்பூசியை உருவாக்கினர். அதற்காக அங்கு வளர்க்கப்பட்ட பெரட் என்னும் கீரி போன்ற விலங்குகளைக் கொண்டே 1933 இல் மனித இன்புளுயன்சா வைரசு கண்டறியப்பட்டது. நாய் நோய் ஆய்வு மனித மருத்துவத்துக்கு அளித்த கொடை எனலாம்.

பரவல்

நோயுற்ற நாய் இருமும்போதும் தும்மும்போதும் தெறிக்கும் நுண்துளிகள் வழியே வைரசு பெரும்பாலும் பரவுகிறது. கண்ணீர், மூக்குச்சளி, சிறுநீர், மலம் ஆகியவற்றிலும் அது உண்டு. தொற்றிய ஏறத்தாழ ஒரு வாரத்திலேயே, அறிகுறிகள் தெளிவாகத் தெரியுமுன், நாய் வைரசை வெளியேற்றத் தொடங்கிவிடும். இது சில வேளைகளில் இரண்டு முதல் மூன்று மாதங்கள் வரை நீடிக்கலாம். தொற்றும் நாய்களில் கணிசமானவை வெளிப்படையான நோயின்றியே தேறிவிடுகின்றன. அவையும் பிற நாய்களுக்குப் பரப்பக்கூடியவையே.

எனினும் உடலுக்கு வெளியே இவ்வைரசு வலுவற்றது. வெயில், வெப்பம், சோப்பு, பிளீச்சிங் பவுடர் ஆகியவற்றால் எளிதில் அழியும். குளிர்ந்த, நிழலான இடங்களில் மட்டும் சற்றுக் கூடுதலாக நிலைக்கும். மண்ணில் பல மாதங்கள் வாழும் பார்வோ வைரசுடன் இதனைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. டிஸ்டெம்பரில் அஞ்சவேண்டியது நோயுற்ற நாய் படுத்திருந்த இடத்தைவிட அந்த நாயையே.

நோயின் போக்கும் மீட்சியும்

மூச்சுவழி நுழையும் வைரசு முதலில் நிணநீர்த் திசுக்களில் பெருகி, நோயெதிர்ப்பு அணுக்களை அழிக்கிறது. முதற் காய்ச்சல் பெரும்பாலும் கவனிக்கப்படாமலேயே போய்விடும். இரண்டாம் வாரத்தில் நாயின் எதிர்ப்பாற்றல் போதிய அளவு எழுந்தால் வைரசு அகற்றப்படும். எழாவிட்டால் அது நுரையீரல், குடல், தோல், மூளை ஆகியவற்றுக்குப் பரவும். அப்போது கண்ணிலும் மூக்கிலும் சீழ் போன்ற ஒழுக்கு, இருமல், வாந்தி, கழிச்சல் ஆகியன தோன்றும். சில நாய்களுக்கு மூக்கும் பாத மெத்தைகளும் தடித்து இறுகும். நிலைப் பற்கள் முளைக்குமுன் நோயுற்ற குட்டிகளுக்குப் பல்லின் எனாமல் குறைபட்டு, அத்தடம் வாழ்நாள் முழுவதும் நிற்கும்.

வைரசை நேரடியாக அழிக்கும் நிலைபெற்ற மருந்து இல்லை. நீர்ச்சத்து இழப்பை ஈடுசெய்தல், இரண்டாம் நிலை நுண்ணுயிர்த் தொற்றுக்கு எதிர்ப்பு மருந்து, வலிப்புக்கு மருந்து, கண்ணையும் மூக்கையும் தூய்மையாக வைத்தல் ஆகியவையே சிகிச்சை. இருமும் நாயின் வாயில் பாலையோ கஞ்சியையோ வலிந்து ஊற்றினால் அது நுரையீரலுக்குள் சென்று நிலைமையை மோசமாக்கும்.

சளியும் கழிச்சலும் நின்று, நாய் நன்கு உண்ணத் தொடங்கியபின் ஒன்று முதல் மூன்று வாரங்களில் நரம்புக் குறிகள் தோன்றுவது உண்டு. எதையோ மெல்வது போன்ற தாடை வலிப்பு, தள்ளாட்டம், உறக்கத்திலும் நிற்காத தசைத் துடிப்பு என்பன அவை. துடிப்பு மட்டும் எஞ்சிய நாய்கள் பல ஆண்டுகள் நலமாக வாழ்வதுண்டு. முழுமையாக மீண்ட நாய்க்கு நீண்டகால எதிர்ப்பாற்றல் கிடைக்கிறது.

வெறிநோயுடன் குழப்பம்

இக்குறிகள் வெறிநோயை ஒத்திருக்கின்றன. இதனால் மீளக்கூடிய நாய் வெறிநாய் எனக் கருதி அடித்துக் கொல்லப்படலாம். மறுபுறம், வெறிநோயை டிஸ்டெம்பர் என எண்ணி நாயைக் கையாள்வது மனித உயிருக்கே கேடாகும். ஆகவே வெறிநோய்த் தடுப்பூசி போடாத நாய்க்கு நரம்புக் குறிகள் தோன்றினால், வெறிநோய் அல்ல என்று தெளிவாகும் வரை அதனை வெறிநோய் ஐயமாகவே கொள்ளவேண்டும். கடிபட்டவர் காயத்தை 15 நிமிடம் சோப்பு நீரால் கழுவி உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். வெறிநாய் பொதுவாகப் பத்து நாட்களுக்குள் இறந்துவிடும்.

இந்தியாவில்

2018 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் குஜராத்தின் கிர் காட்டில், தல்கானியா வனச்சரகத்தில் 23 ஆசியச் சிங்கங்கள் இறந்தன. அவற்றுள் சிலவற்றில் இவ்வைரசு இருப்பதைப் புனே தேசிய வைரசு ஆய்வு நிறுவனம் உறுதிசெய்தது. அமெரிக்காவிலிருந்து தடுப்பூசிகள் தருவிக்கப்பட்டன. மகாராட்டிரத்தின் நான்னஜ் பகுதியில் நடந்த ஓர் ஆய்வில், ஊர் நாய்களில் மிகப் பெரும்பாலானவற்றின் குருதியில் இவ்வைரசுக்கான எதிர்ப்பொருள் காணப்பட்டது. அங்கு குள்ளநரிகளும் இந்நோயால் இறந்தன. எதிர்ப்பொருள் கொண்ட நாய்கள் என்பவை தப்பிப் பிழைத்தவை. இறந்த குட்டிகள் அக்கணக்கில் வருவதில்லை. ஊரில் வளர்ந்த நாய்கள் நலமாகத் திரிவதைக் கொண்டு நோய் இல்லை என முடிவு செய்ய இயலாது.

மலையூர்களில் தடுப்பு

நாமக்கல் மாவட்டக் கொல்லிமலையின் திண்ணனூர் நாடு போன்ற, காட்டை ஒட்டிய மலைப்பகுதிகளுக்கு இது குறிப்பாகப் பொருந்தும். கட்டிவைக்கப்படாத காவல் நாய் ஊருக்கும் காட்டுக்கும் இடையே சென்றுவரும்போது, தொற்றும் இரு திசைகளிலும் செல்லக்கூடும். நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. ஆனால் மலைப்பாதையின் 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்தே நாயை அங்கு கொண்டுசெல்ல வேண்டும். தெருநாய்களுக்கான 2023 ஆம் ஆண்டின் விலங்குக் கருத்தடை விதிகள் கருத்தடையையும் வெறிநோய்த் தடுப்பூசியையுமே கட்டாயமாக்குகின்றன. டிஸ்டெம்பர் தடுப்பூசி வளர்ப்பவரின் பொறுப்பிலேயே உள்ளது.

தாய்ப்பால் வழி வந்த எதிர்ப்பொருள் தடுப்பூசியைச் செயலிழக்கச் செய்யும் என்பதால் ஒரு முறை போட்டால் போதாது. 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, 16 வாரம் ஆகும்வரை 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை போடப்படுகிறது; ஓராண்டுக்குப்பின் ஊக்க ஊசி தேவை. வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரசு கொண்ட ஊசி என்பதால் 2 முதல் 8 பாகை செல்சியசில் வைத்தே மலையேற்ற வேண்டும். வெப்பம்பட்ட குப்பி வெளித்தோற்றத்தில் மாறாது. ஆனால் அதன் பாதுகாப்பு குறைந்துவிடும்.

மீண்ட நாயைக் குறைந்தது இரண்டு மாதங்களாவது பிற நாய்களிடமிருந்து பிரித்து, தனித் தட்டில் உணவிட்டு வைப்பது நலம். அவ்வீட்டுக்குப் புதிய குட்டி வருவதாயின், அதன் தடுப்பூசித் தொடர் முடிந்தபின் கொண்டுவரலாம்.