புகைப்பட நிலையத்தின் இலச்சினை: கருத்துக் கூறலும் கேட்டலும்

கண்டி மாநகரின் கடைவீதிகளிலே புகைப்பட நிலையங்கள் பல உள. அவற்றை நாடி வருவோரும் பல திறத்தினர். மணக்கோலத்தில் வரும் தம்பதியர், அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வரும் மாணவர், சுற்றுப்புறத் தோட்டங்களிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கும் குடும்பத்தினர் என அவர்கள் பலராவர். இவர்கள் கடைக்குள் நுழையுமுன் முதலிற் காண்பது வாசற் பலகையையும் அதில் வரையப்பட்ட சிறு சின்னத்தையுமே. அச்சின்னமே நிலையத்தின் இலச்சினை எனப்படும். அதனைப் பலகையிலும் படவுறையிலும் பொறிக்குமுன் நாலுபேரிடம் காட்டி அபிப்பிராயம் கேட்பது நல்ல வழக்கமே. ஆயினும், எங்ஙனம் கேட்பது, எங்ஙனம் சொல்வது என்பதை அறிந்தோர் சிலரே.

இலச்சினையின் பயனை முதலில் உணர்தல் வேண்டும். 1854ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து டிஸ்டெரி என்பார், ஒரே தகட்டில் பல சிறு படங்களை எடுக்கும் முறைக்கு உரிமை பெற்றார். உள்ளங்கையில் அடங்கும் அட்டையில் ஒட்டப்பட்ட அப்படங்கள் உலகெங்கும் பரவின. அட்டையின் பின்புறத்தில் நிலையத்தின் பெயரும் ஊரும் அழகுறப் பொறிக்கப்பட்டன. 1870களில் கண்டியிலே தொழில் நடத்திய ஸ்கோவன் நிறுவனத்தாரின் பெயரும் இவ்வாறே அவர்தம் படங்களோடு நிலைத்துள்ளது. ஆகவே இலச்சினை வெறும் அலங்காரமன்று. ‘இப்படத்துக்கு நானே பொறுப்பு’ என எடுத்தவர் இடும் கையொப்பம் அது. பார்த்தவுடன் இன்னாருடையதென அறியப்படல், மறுமுறை நினைவுக்கு வரல், படத்தின் அழகுக்கு இடையூறு செய்யாதிருத்தல் என்னும் மூன்றும் அதன் கடமைகளாம்.

கட்டுகஸ்தோட்டையில் ஓர் இளைஞர் புதிதாக நிலையம் திறக்க எண்ணுகின்றார் என வைத்துக்கொள்வோம். தமது இலச்சினையில் ஒரு கமராவையும், பெரஹரா யானையையும், தலதா மாளிகையின் கூரையையும், கண்டி வாவியையும் ஒருங்கே வரைந்து, கீழே வளைந்து நெளியும் ஆங்கில எழுத்துக்களில் தம் பெயரை எழுதியுள்ளார். நண்பர் ஒருவர் ‘மிக நன்று’ என்கின்றார். மற்றொருவர் ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்கின்றார். இவ்விரண்டாலும் இளைஞருக்கு ஒரு பயனுமில்லை. முன்னது அவர் செய்யவேண்டியது யாதென்று கூறவில்லை. பின்னதோ சொல்பவரின் சுவையைக் கூறிற்றேயன்றிச் சின்னத்தைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. மாணவனின் கட்டுரை ஓரத்தில் ‘நன்று’ என்றோ ‘மோசம்’ என்றோ மட்டும் எழுதிவிடும் ஆசிரியரை இது ஒக்கும். எவ்வரியில், எச்சொல்லில், ஏன் பிழை என்று காட்டினாலன்றோ மாணவன் திருந்துவான்!

கருத்துக் கூறுவோர் முதலில் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: ‘இது யாருக்காக, எங்கே இடம்பெறப் போகின்றது?’ அடுத்து, தம் கண் கண்டதைக் கண்டவாறே கூறவேண்டும். ‘முதலில் யானைதான் தெரிகின்றது; கமரா இருப்பதைப் பிறகே கண்டேன்’ என்று சொல்வது அத்தகையது. அதன்பின் அதனை நோக்கத்தோடு பொருத்திக் காட்டவேண்டும்: ‘யானை முன்னிற்பதால் இது சுற்றுலா விடுதியோ என ஐயுற நேர்கின்றது.’ இறுதியிலேதான் மாற்றுவழி கூறலாம். அதுவும் யோசனையாகவே அமைதல் வேண்டும், கட்டளையாகவன்று. கண்டது, அதன் விளைவு, காரணம், யோசனை என்னும் இவ்வொழுங்கு பேணப்படின் கடுஞ்சொல்லுக்கு இடமே இராது.

சில எளிய சோதனைகளும் உள. சின்னத்தை விரல்நகத்தின் அளவுக்குச் சுருக்கிப் பார்த்தல் ஒன்று. இன்று கைத்தொலைபேசித் திரையில் அது அவ்வளவினதாகவே தோன்றுகின்றது. நிறங்களை நீக்கிக் கறுப்பு மையில் மட்டும் அச்சிட்டுப் பார்த்தல் மற்றொன்று. இறப்பர் முத்திரையில் நிறவேறுபாட்டுக்கு இடமில்லையன்றோ? ஐந்து விநாடி காட்டி மறைத்து, ‘என்ன கண்டீர்?’ என வினவுதல் மூன்றாவது. மழைநாளில் வீதியின் எதிர்ப்புறத்தில் நின்று நோக்குதல் நான்காவது. மணமகளின் படத்தின் மூலையில் அதனை வைத்து, பார்ப்பவர் கண் முகத்துக்குச் செல்கின்றதா, சின்னத்துக்குச் செல்கின்றதா எனக் கவனித்தல் ஐந்தாவது. முகத்தை மறக்கச் செய்யும் சின்னம் எத்துணை அழகாயினும் தோல்வியுற்றதேயாம்.

கண்டி போன்ற ஊரில் கவனிக்கவேண்டிய வேறொன்றும் உண்டு. இங்கே பௌத்தரும் சைவரும் முஸ்லிம்களும் கிறிஸ்தவரும் அருகருகே வாழ்கின்றனர். மாளிகையின் கூரை கண்டிக்கு அடையாளமாகலாம். ஆனால் அது பொறித்த காகித உறை நாளை சாக்கடையோரத்தில் கிடக்குமாயின் பக்தர் மனம் நோகும். ஜப்பானிலே 1934ஆம் ஆண்டில் உருவான ஒரு கமராவுக்குக் ‘குவானொன்’ எனப் பெயரிட்டனர். சுவாலை சூழ்ந்த, ஆயிரங் கரங்கள் உடைய கருணைத் தெய்வத்தின் உருவே அதன் சின்னம். ஜப்பானியர் கன்னொன் என வணங்கும் அத்தெய்வம் அவலோகிதேசுவரரே. கண்டி நாத தேவாலயத்தின் தெய்வமும் அவரே என்பர் ஆராய்ச்சியாளர். உலகச் சந்தையை நோக்கியபோது அந்நிறுவனத்தார் 1935இல் ‘கெனன்’ என்னும் பெயரைப் பதிவு செய்தனர். நுணுக்கமான தெய்வ உருவம் நீங்கி, எழுத்துக்களே சின்னமாயின. எல்லா நாட்டாரும் ஏற்கத்தக்கது எது என்ற வினாவே அம்மாற்றத்துக்கு வழிகாட்டிற்று. அவ்வாறே, பெயரை ஆங்கிலத்தில் மட்டும் எழுதினால் அதை வாசிக்க இயலாத தாயொருத்தி அக்கடையை எவ்வாறு நினைவிற் கொள்வாள் என்பதையும் இளைஞர் சிந்தித்தல் வேண்டும்.

இனி, கருத்தைக் கேட்பவரின் கடமை. குறை கூறப்பட்டவுடன் எதிர்வாதம் புரிதல் ஆகாது. பலகையருகே நின்று ஒவ்வொருவருக்கும் விளக்கம் கூற உரிமையாளரால் இயலாது; சின்னம் தானே பேசவேண்டும். எனவே பேசாது கேட்டுக் குறித்துக்கொள்வதே அறிவுடைமை. ஒருவர் மட்டும் கூறும் குறை அவரது விருப்பமாக இருக்கலாம். ஒருவரையொருவர் அறியாத மூவர் ஒரே குறையைக் கூறின் அது சின்னத்தின் குறையே. ஆயினும் எல்லார் யோசனைகளையும் ஏற்றால் சின்னம் சந்தைக்கூடையாகிவிடும். அளவுகோலை முன்னரே வகுத்துக்கொள்வதே இதற்கு மருந்து. ஜோர்ஜ் ஈஸ்ட்மன் 1888இல் ‘கொடக்’ என்னும் பெயரைப் படைத்தபோது, அது சுருக்கமாக இருத்தல், பிழையாக உச்சரிக்க இடமின்மை, வேறெதனையும் ஒத்திராமை என்னும் மூன்றையே அளவுகோலாகக் கொண்டார்.

எவரிடம், எப்பொழுது கேட்பது என்பதே யாவற்றிலும் முக்கியமானது. இதனை விளக்கக் கண்டியோடு தொடர்புடைய பெரிய உதாரணம் ஒன்றுண்டு. 1948 ஜனவரியில், கண்டி அரசின் சிங்கக் கொடியே நாட்டின் கொடியாதல் வேண்டுமென மட்டக்களப்பு உறுப்பினர் ஏ. சின்னலெப்பை பாராளுமன்றத்தில் பிரேரித்தார். அதில் தமக்கு இடமெங்கே என்ற வினா எழுந்தது. அதனை ஆராய எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவின் தலைமையில் ஒரு குழு அமைந்தது. தமிழரையும் முஸ்லிம்களையும் குறிக்கச் செம்மஞ்சள், பச்சை நிறக் கோடுகள் சேர்க்கப்பட்டன. குழுவிலிருந்த செனட்டர் எஸ். நடேசன் அம்முடிவுக்கு இணங்கவில்லை. 1951 மார்ச்சில் அக்கொடி ஏற்கப்பட்டது. கோடுகள் சிங்கத்தினின்றும் பிரிந்து நிற்கின்றன என்ற குறை இன்றும் கூறப்படுகின்றது. வரைந்து முடிந்த சின்னத்தின் அருகே பின்னர் இடம் ஒதுக்குவது வேறு; வரையத் தொடங்கும்போதே ஒருவரை உடன் வைத்துக்கொள்வது வேறு.

நாட்டின் கொடியோடு ஒரு கடையின் சின்னத்தை ஒப்பிடல் மிகையெனத் தோன்றலாம். ஆயினும் உண்மை ஒன்றே. தம்மைப் போன்றோரிடம் மட்டும் கேட்பவர் தம் குரலின் எதிரொலியையே கேட்பார். கட்டுகஸ்தோட்டை இளைஞர் தம் நண்பரிடம் மாத்திரமன்றி, வேற்றுமொழி பேசும் அயலாரிடமும், தோட்டத்திலிருந்து வரும் முதியவரிடமும், பள்ளிச் சிறுமியிடமும் தம் ஓவியத்தைக் காட்டுவாராக. அதுவும் பலகைக்கு வர்ணம் பூசிய பின்னர் அன்று. பென்சிற்கோடு அழிக்கத்தக்கதாய் இருக்கும்போதே காட்டுவாராக. சொல்பவர் அவரது உழைப்பை மதித்துக் காரணத்தோடு சொல்வாராக. முடிவு செய்யும் உரிமை வரைந்தவருடையது. ஆனால் அந்தக் கதவைத் திறந்து வரவேண்டியவர் யாவர் என்பதை அவருக்கு உணர்த்தவல்லது பிறர் கண்ணேயாகும்.