தீவும் நாமும் – 12: ‘நான் இங்கேயே பிறந்தவன்’

2021 மே 7. சிங்கப்பூரின் சுவா சூ காங் வட்டாரத்தில் 55 வயது இந்தியப் பெண்மணி ஒருவர் வேலைக்கு வேகநடை போட்டுக்கொண்டிருந்தார். கோவிட் காலம். உடற்பயிற்சி செய்யும்போது முகக்கவசத்தை இறக்கிக்கொள்ள விதி இடம் கொடுத்திருந்தது, அவரும் இறக்கிவிட்டிருந்தார். கவசத்தை மாட்டு என்று ஒரு குரல் அதட்டியது. வியர்வையைக் காட்டி, நடைப்பயிற்சி என்று சைகை செய்தார். அதட்டிய ஆள் நெருங்கி வந்து இனத்தைச் சொல்லித் திட்டினார். வம்பு எதற்கு என்று, கடவுள் உங்களை ஆசீர்வதிக்கட்டும் என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகர்ந்தார் அந்த அம்மா. ஓடி வந்தவர் நெஞ்சில் எட்டி உதைத்தார். மல்லாந்து விழுந்த அம்மாவுக்குக் கையில் சிராய்ப்பு, ரத்தம். அந்தப் பக்கம் வந்த ஒரு பெண் அவரைத் தூக்கிவிட்டுப் பிளாஸ்திரி ஒட்டினார்.

அன்றைய பிரதமர் லீ சியன் லூங் வெளிப்படையாகக் கண்டித்தார். வழக்கு இரண்டு வருடம் நடந்தது. 2023 ஜூலையில் மூன்று வாரச் சிறைத்தண்டனை.

அந்தப் பரபரப்பு அடங்குவதற்குள், 2021 ஜூன் மாதத் தொடக்கத்தில், ஆர்ச்சர்ட் சாலையில் இன்னொன்று. ஜோடியாகப் போன ஓர் இளைஞரையும் பெண்ணையும் வழிமறித்து, இந்தியனுக்குச் சீனப் பெண் எதற்கு என்று ஒருவர் சத்தம் போட்டார். அந்த இளைஞர் பாதி இந்தியர், பாதி பிலிப்பினோ. அந்தப் பெண் பாதி சீனர், பாதி தாய்லாந்துக்காரர். இளைஞர் கைபேசியில் படம்பிடித்து ஃபேஸ்புக்கில் போட, ஊரே பார்த்தது. சத்தம் போட்டவர் பாலிடெக்னிக் ஒன்றின் விரிவுரையாளர் என்று தெரியவந்தது. வேலை போனது, 2023இல் ஐந்து வாரச் சிறையும் கிடைத்தது. இன நல்லிணக்கத்தில் நாடு சரியான திசையில் போகிறது என்று நினைத்திருந்தேன், இப்போது அவ்வளவு நிச்சயமில்லை என்ற பொருளில் எழுதினார் அன்றைய சட்ட அமைச்சர் கா. சண்முகம். தமிழர் ஒருவர் சட்ட அமைச்சராக இருந்த நாட்டில் அவரே அப்படி எழுத வேண்டியிருந்தது.

சென்ற வாரங்களில் தேக்கா சந்தையையும் செம்பவாங் கடற்படைத் தளத்தையும் சுற்றி வந்தோம். இந்த வாரம் கொஞ்சம் சங்கடமான இடத்துக்குப் போகிறோம். இப்படி ஒன்று நடந்தால் நம்மவர்கள் என்ன பதில் சொல்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே குடியிருப்போரில் சீனர் 74.3 விழுக்காடு, மலாய்க்காரர் 13.5, இந்தியர் 9. தமிழ் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. 1964 ஜூலை 21 இனக் கலவரத்தின் நினைவாக, அதே தேதியில் பள்ளிகளில் இன நல்லிணக்க நாள் கொண்டாடுகிறார்கள். பிள்ளைகள் ஒருவர் உடையை இன்னொருவர் உடுத்திப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். இதெல்லாம் பொய்யில்லை. ஆனால் அதே பிள்ளைகளில் கறுத்த தோலுள்ளவன் ‘ஆப்பு நேநே’ என்ற கேலியைக் கேட்காமல் வளர்ந்திருந்தால் அதிசயம்.

2021இல் அந்தக் கேலி ஏன் உதையாக மாறியது? டெல்டா கிருமி இந்தியாவிலிருந்து வந்தது என்ற பயம் ஒரு காரணம். அதற்கு முன்பே ஒரு புகைச்சல் இருந்தது. இந்தியாவோடு 2005இல் கையெழுத்தான சீக்கா (CECA) என்ற பொருளியல் ஒப்பந்தத்தால், நல்ல சம்பளமுள்ள ஐடி, வங்கி வேலைகளை இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் தட்டிப் பறிக்கிறார்கள் என்ற பேச்சு அது. 2021 ஜூலையில் அமைச்சர்கள் நாடாளுமன்றத்தில் எழுந்து விளக்கம் தர வேண்டியிருந்தது. இணையத்தில் ‘சீக்கா’ ஒப்பந்தத்தின் பெயராக இருந்தது போய், ஆளைத் திட்டும் சொல்லாகவே ஆகிவிட்டது. திட்டுகிறவனுக்கு நாகப்பட்டினத்திலிருந்து நான்கு தலைமுறைக்கு முன் வந்தவரும், போன மாதம் பெங்களூரிலிருந்து வந்தவரும் ஒன்றுதான்.

இங்கேதான் நம் பதில் பிறக்கிறது: “நான் இங்கேயே பிறந்தவன்.”

மூன்றாம் தலைமுறைத் தமிழர் ஒருவர் என் நண்பர். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடியில் லிஃப்டுக்குள் நுழையும்போது யாராவது முகம் சுளித்தால், உடனே கைபேசியைக் காதில் வைத்து, மறுமுனையில் ஆளே இல்லாமல், ‘லா’வும் ‘லோ’வும் போட்டுச் சிங்லிஷில் இரண்டு வரி பேசுவாராம். “கேட்டவுடனே மூஞ்சி மாறிடும், பாருங்களேன். ஓ, இவன் நம்மூர்க்காரன்னு புரிஞ்சுடும்” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. தேசிய சேவையில் இரண்டு வருடம் துப்பாக்கி தூக்கியவர். அடையாள அட்டையை நெற்றியில் ஒட்டிக்கொண்டா நடக்க முடியும்?

ஆனாலும் அந்தப் பதிலுக்குள் ஒரு பொறி இருக்கிறது. ‘நான் இங்கேயே பிறந்தவன், என்னைத் திட்டாதே’ என்றால், இங்கே பிறக்காதவனைத் திட்டலாம் என்று நாமே அனுமதிச்சீட்டு கிழித்துக் கொடுக்கிறோம். வசை நம்மைத் தாண்டிப் போய் அடுத்தவன் மேல் விழுகிறது. அந்த அடுத்தவன் யார் என்று பார்க்க ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்குப் போனால் போதும்.

பஃபலோ ரோட்டில் காய்கறி வாங்கிக்கொண்டு, ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு, வீரமாகாளியம்மன் கோயிலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, புல்தரையில் கூட்டாளிகளோடு உட்கார்ந்திருக்கும் கட்டுமானத் தொழிலாளி அவர். 2013 டிசம்பர் 8 இரவு, ரேஸ் கோர்ஸ் ரோட்டில் புதுக்கோட்டைப் பக்கத்துத் தொழிலாளி ஒருவர் பேருந்தில் சிக்கி இறந்தபோது கலவரம் வெடித்தது. நாற்பது வருடங்களுக்கு மேல் இந்த ஊர் பார்க்காத காட்சி. 25 பேர் மீது வழக்கு. 57 பேர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 2016இல் ஜாலான் புசார் தொகுதி உறுப்பினர் டெனிஸ் புவா, இப்படிக் கூடும் கூட்டத்தை ‘நடமாடும் வெடிகுண்டு’ என்கிற மாதிரி நாடாளுமன்றத்தில் பேசினார். எதிர்ப்பு வந்தபின் அந்தச் சொல்லுக்கு வருத்தம் தெரிவித்தார். அந்தச் சமயத்தில் நம்மவர்களே சிலர், “அவங்க வேற, நாம வேற” என்று சொன்னதைக் காதால் கேட்டிருக்கிறேன்.

ஏதாவது ஒரு ஞாயிறு மாலை லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயில் ஏறிப் பாருங்கள். அந்தத் தொழிலாளியின் ஒரு கையில் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் பை, மறுகையில் கைபேசி. பக்கத்திலேயே இருக்கை காலியாக இருக்கும், உட்கார மாட்டார். கதவோரம் நிற்பார், அல்லது பெட்டியின் மூலையில் தரையில் குந்துவார். “உட்காருங்க தம்பி” என்றேன் ஒருவரிடம். “பரவால்லண்ணே, வேர்வ... பக்கத்துல இருக்கறவங்க எந்திரிச்சுப் போவாங்க” என்றார். யாரும் அவரைத் திட்டவில்லை. யார் மேலும் வழக்குப் போட முடியாது. வாங்கப்போகும் அவமானத்தை முன்கூட்டியே கணக்குப் போட்டு, தானே விலகிக்கொள்ளப் பழகிவிட்டார்.

சட்டம் கத்துகிறவனைப் பிடிக்கும். இன உணர்வைப் புண்படுத்தினால் இங்கே சிறை உண்டு என்று மேலே பார்த்தோம். 2025 ஜனவரியில் வேலையிட நியாயச் சட்டமும், பிப்ரவரியில் இன நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டமும் நிறைவேறின. முன்னது, வேலைக்கு ஆள் எடுப்பதில் இனம் பார்ப்பதைத் தடுக்க வகைசெய்கிறது. 25 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்கு இப்போதைக்கு விலக்கு. பின்னதில், தவறு செய்தவர் சம்பந்தப்பட்ட சமூகத்தோடு பழகித் திருந்த ஒரு வழியும் வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பக்கத்து இருக்கையிலிருந்து எழுந்து போகிறவரை எந்தச் சட்டத்தில் அடைப்பது?

ஊர் ஒன்றுகூடிப் பதில் சொன்ன ஒரு சம்பவமும் உண்டு. 2011 ஆகஸ்ட். சீனாவிலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பத்துக்கு, பக்கத்து வீட்டு இந்தியக் குடும்பத்தின் கறிக்குழம்பு வாசனை பொறுக்கவில்லை. பஞ்சாயத்து சமூக சமரச மையத்துக்குப் போனது. அவர்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் மட்டும் கறி சமைப்பதாக இவர்கள் ஒப்புக்கொள்ள, ஒருமுறை கறி சாப்பிட்டுப் பார்ப்பதாக அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். சில வருடங்களுக்கு முந்தைய இந்தச் சமரசம் பத்திரிகையில் வந்ததும் ஊர் கொதித்தது. ஆகஸ்ட் 21, ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் ஒரு பானை கறி சமைப்போம் என்று ஃபேஸ்புக்கில் அழைப்பு. பல்லாயிரம் பேர் சேர்ந்தார்கள். சீனர், மலாய்க்காரர், யூரேசியர் வீடுகளிலெல்லாம் அன்று கறி கொதித்தது. 2013இல் நாடக ஆசிரியர் அல்ஃபியான் சாஅத் இதை வைத்து ஒரு நாடகமே எழுதினார்.

கேட்க மனம் நிறைகிறது. ஆனால் அன்று அடுப்பில் ஏறியது கறி மட்டுமில்லை. ‘நேற்று வந்தவன் நம்மைச் சொல்வதா’ என்ற கோபமும்தான். கறி ‘நம்முடையது’ ஆனது, சீனாக்காரர் ‘அவர்கள்’ ஆனார். பத்து வருடம் கழித்து, அதே கோடு கொஞ்சம் நகர்ந்து, ‘இந்தியாக்காரன்’ அவனானான். முன்பு கோட்டுக்கு உள்ளே இருந்த நம்மவர்களையும் சேர்த்தே உதைத்தார்கள். கோடு போடக் கற்றுக்கொண்ட கை எங்கே நிற்கும் என்று யார் சொல்ல முடியும்?

அப்படியானால் என்னதான் செய்வது? திட்டு வாங்குகிறவரிடம் நல்ல பதிலை எதிர்பார்ப்பதை முதலில் விட வேண்டும். அந்த நொடியில் வாய் எழாது, எழுந்தாலும் ஆபத்து. பதில் சொல்ல வேண்டியவர் பக்கத்தில் நிற்கிறவர். பெரிதாகச் சண்டை போட வேண்டாம். போய்ப் பக்கத்தில் நின்று, “அண்ணே, ஒண்ணும் ஆகலையே?” என்று சத்தமாகக் கேட்டாலே, கத்துகிறவனின் சுருதி பாதி இறங்கிவிடும். கேட்கும்போது அவர் எந்த ஊர், எந்த அட்டை என்று மட்டும் விசாரிக்காதீர்கள். குடியுரிமையோ பர்மிட்டோ இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் திட்டு வாங்கக் கூடாது.

என் நண்பரிடமும் இதைச் சொன்னேன். யோசித்துவிட்டு, “சரி, நான் இங்கே பிறந்தவன்னு சொல்லாம வேற என்ன சொல்றது?” என்று கேட்டார். “உனக்கென்ன வந்துச்சுன்னு கேளுங்க. பிறந்த கதை எதுக்கு?” என்றேன்.

ரயிலிலும் லிஃப்டிலும் நடப்பது சில நிமிடத்தில் முடிந்துவிடும். வீடு வாடகைக்குத் தேடும்போது, தொலைபேசியில் ‘வாடகைக்கு வர்றவர் என்ன இனம்?’ என்று முகவர் கேட்கும் கேள்வி முடிவதே இல்லை. அடுத்த வாரம் அந்தக் கதவைத் தட்டுவோம்.

(தொடரும்)